துன்மார்க்கரின் வாழ்வும் தெய்வ நீதியும்
எபிரேய ஞானநூல்களும் முத்துக்குளித்துறையும்



துன்மார்க்கன் வாழ்வதும் நல்லவன் நலிவதும் எதனால் என்னும் கேள்வி, வேதமும் விகற்பமும் அறியாத பாமரனுடைய நெஞ்சிலும், நூல்பல கற்ற பண்டிதனுடைய நெஞ்சிலும் ஒரே வடிவத்தில் எழுகின்ற கேள்வி. அதை எபிரேய மக்கள் தங்கள் ஞானநூல்களில் எவ்வாறு விசாரித்தார்கள் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். எருசலேமிலும் பாபிலோனிலும் பேசப்பட்ட வழக்கைத் தூத்துக்குடியில் ஏன் எடுத்துரைக்க வேண்டும் என்று யாரேனும் கேட்பாராயின், அந்த வழக்கின் சாட்சிகள் சிலர் இந்தக் கரையில் நின்றிருக்கிறார்கள் என்பதே என் விடை.

கிறிஸ்து சகாப்தத்தின் முதல் நூற்றாண்டில், எரித்ரேயக் கடலின் துறைமுகங்களை வரிசைப்படுத்திப் பெரிப்புளூஸ் என்னும் நூலை எழுதிய பெயர் தெரியாத கிரேக்க மாலுமி, கொற்கையின் முத்துக்குளிப்பைக் கூறும் இடத்தில், அது பாண்டியருக்கு உரியது என்றும், தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டே அத்தொழில் நடத்தப்படுகிறது என்றும் குறித்துவைத்தான். பொருநை ஆறு கொண்டுவந்த வண்டலால் கடல் விலகிப்போய், இன்று வயல்களின் நடுவே ஒரு சிற்றூராக நிற்கும் அந்தக் கொற்கையில், துன்மார்க்கரின் கதி ஒருகாலத்தில் கண்ணெதிரே நிச்சயிக்கப்பட்டிருந்தது. குற்றவாளி என்று தீர்க்கப்பட்டவன் மூச்சடக்கிக் கடலுக்குள் இறங்கவேண்டும். அவன் எடுத்துவந்த முத்து மாலையாகிக் கடல் கடந்து ரோமாபுரிச் சீமாட்டிகளின் கழுத்துக்குப் போய்ச் சேரவேண்டும். ஆனால் அரசனுடைய சபையில் குற்றவாளி என்று எழுதப்பட்டவன் எல்லாம் ஆண்டவனுடைய சபையிலும் குற்றவாளிதானா? அந்த முத்தை அணிந்துகொண்டவர்கள் எல்லாம் நிரபராதிகள்தானா? எபிரேய ஞானியர் கேட்ட கேள்வி இதுவே.

நீதிமொழிகளின் உறுதி

எபிரேய ஞானநூல்களில் முதலில் கற்கவேண்டியது, சாலமோனின் பெயரால் வழங்கும் நீதிமொழிகள் என்னும் தொகுதி. தந்தை மகனுக்கும் ஆசிரியன் மாணாக்கனுக்கும் உபதேசிக்கும் பாங்கில் அமைந்த அந்நூல், தீமைக்குத் தண்டனை வெளியிலிருந்து வரவேண்டுவதில்லை, தீமையே தன்னைத் தண்டித்துக்கொள்ளும் என்று கற்பிக்கிறது. பிறன் உயிருக்குப் பதுங்கியிருப்பவன் தன் உயிருக்கே பதுங்கியிருக்கிறான்; குழி வெட்டியவன் அதிலே வீழ்கிறான்; பாவத்தின் கயிறு பாவியையே கட்டுகிறது. கெடுவான் கேடு நினைப்பான் என்று நம் கிழவிகள் சொல்லுவதும் இதுவே.

இந்த உறுதியை எளிதென்று தள்ளுவது அறிவுடைமையாகாது. கள்ளத் தராசையும் இருவகைப் படிக்கற்களையும் ஆண்டவன் அருவருக்கிறான் என்று அந்நூல் மீண்டும் மீண்டும் வற்புறுத்துகிறது. முத்துக்களை மஞ்சாடி எடையில் நிறுத்து வாங்கிவிற்ற ஒரு துறைமுகத்தில், எண்ணெழுத்து அறியாத குளியாளி ஒருவன் தன் பங்கை நம்பி ஒப்படைப்பதற்கு, நிறுப்பவன் உள்ளத்தில் இப்படிப்பட்ட அச்சம் ஒன்று இருந்தாலன்றி வேறு காவல் ஏது? தீமை செய்தவன் தப்பமாட்டான் என்னும் நம்பிக்கை இல்லாத ஊரில் வாணிகமும் இல்லை, வாக்குறுதியும் இல்லை, குடும்பமும் இல்லை. ஆகவே நீதிமொழிகள் கூறுவது உண்மை. ஆனால் அது முழு உண்மையா என்று கேட்கும் துணிவு, அதே வேதாகமத்துக்குள்ளேயே வேறொரு நூலுக்கு இருந்தது.

யோபுவின் வழக்கு

ஊத்ஸ் என்னும் தேசத்தில் குற்றமற்ற ஒரு மனிதன். ஒரே நாளில் ஆடுமாடுகளையும் ஒட்டகங்களையும் பத்துப் பிள்ளைகளையும் இழந்தான். பின்பு உடலெங்கும் கொடிய பருக்களோடு சாம்பலில் உட்கார்ந்து ஓட்டால் சுரண்டிக்கொண்டான். இழப்புக்குக் காரணம் விண்ணுலகச் சபையில் நடந்த ஒரு வாது என்பது நூலைப் படிக்கும் நமக்குத் தெரியும், யோபுவுக்குத் தெரியாது. வசிட்டருக்கும் விசுவாமித்திரருக்கும் நேர்ந்த வாதின் பொருட்டு அரிச்சந்திரன் சுடலை காத்த கதையைத் தெருக்கூத்தில் விடிய விடியக் கண்ட நமக்கு இந்தத் தொடக்கம் அந்நியமாகத் தோன்றாது. ஆனால் அரிச்சந்திரன் சோதனையை மௌனமாகத் தாங்கினான்; யோபுவோ, தொடக்கத்தில் பொறுமையின் வடிவாக நின்றபோதிலும், பின்னர் வாய்திறந்து ஆண்டவன்மேலேயே வழக்குத் தொடுத்தான்.

அவனுக்கு ஆறுதல் சொல்ல எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்னும் மூன்று நண்பர்கள் வந்தார்கள். ஏழு பகலும் ஏழு இரவும் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு சொல்லும் பேசாதிருந்தார்கள். அவர்கள் செய்த ஒரே நன்மை அந்த மௌனந்தான். வாய்திறந்தபின் அவர்கள் பேசியதெல்லாம் நீதிமொழிகளின் சித்தாந்தத்தைத் தலைகீழாகத் திருப்பிய பேச்சே. பாவி துன்புறுவான் என்பது சித்தாந்தம். யோபு துன்புறுகிறான், ஆதலால் யோபு பாவி என்பது அவர்கள் கண்ட முடிவு. மழை பெய்தால் முற்றம் நனையும். முற்றம் நனைந்திருக்கிறது என்பதனாலேயே மழை பெய்தது என்று சாதிக்கலாமோ? தர்க்கம் பயிலும் மாணாக்கன் முதல் வகுப்பிலேயே விலக்கக் கற்கும் பிழை இது.

யோபு அவர்களைக் கண்ணைத் திறந்து உலகத்தைப் பாருங்கள் என்கிறான். துன்மார்க்கர் நீண்ட ஆயுளோடு முதிர்கிறார்கள். அவர்கள் வீட்டில் பயமில்லை. அவர்கள் பிள்ளைகள் ஆடிப்பாடுகிறார்கள். அவர்கள் துன்பமறியாமல் பாதாளத்தில் இறங்குகிறார்கள். மறுபுறம், எல்லைக்கல்லைப் பிடுங்கி நட்டவன் அநாதையின் கழுதையை ஓட்டிச்செல்கிறான். விதவையின் மாட்டை ஈடாகப் பிடிக்கிறான். ஆடையற்ற ஏழை பிறனுடைய கதிர்க்கட்டைச் சுமந்துகொண்டே பசித்திருக்கிறான், பிறனுடைய ஆலையில் திராட்சை மிதித்துக்கொண்டே தாகத்தால் தவிக்கிறான். ஆகாரம் விளைவிப்பவன் ஆகாரமின்றி நிற்பதை இவ்வளவு நேராகக் கண்டெழுதிய பகுதிகள் உலக இலக்கியத்தில் அரியவை.

இதைக் கேட்ட நண்பர்கள் தங்கள் சித்தாந்தத்தைத் திருத்திக்கொண்டார்களா என்றால், இல்லை. எலிப்பாஸ், முன்பு யோபுவைப் பக்தனென்று போற்றியவன், இறுதியில் அவன் விதவைகளை வெறுங்கையாய் அனுப்பினான், தாகித்தவனுக்குத் தண்ணீர் மறுத்தான் என்று, கண்டதுமில்லாத கேட்டதுமில்லாத குற்றங்களைக் கற்பித்துச் சுமத்துகிறான். ஆண்டவனுடைய நீதியைக் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டு பொய் சொல்லத் துணிகின்ற இந்தக் கணத்தைத்தான் அந்நூல் முழுவதிலும் மிகப் பயங்கரமான கணமாக நான் கருதுகிறேன்.

நம் கரையில் அரசாங்கம் சலாபம் என்னும் முத்துக்குளிப்பை நடத்திய நாட்களில், கடலடிச் சிப்பிப் பார்களிலிருந்து குளியாட்கள் அள்ளிவந்த சிப்பிகளைத் திறக்காமலே, ஆயிரம் ஆயிரமாகக் கூறுகட்டி ஏலம் விடுவது வழக்கம். உள்ளே ஆணிமுத்து இருக்கிறதோ, ஒன்றுமே இல்லையோ, விலைகூறுகிறவன் அறியான். அறியாததை அறியாதது என்று அவனும் ஒப்புக்கொண்டே விலைகூறினான். யோபுவின் நண்பர்களோ திறவாத சிப்பியைத் திறந்து பார்த்தவர்களைப்போலப் பேசினார்கள்.

முடிவில் சுழல்காற்றின் நடுவிலிருந்து ஆண்டவன் பேசுகிறான். கடல் பிறந்தபோது அதற்கு மேகத்தை ஆடையாக உடுத்திக் கதவும் தாழும் இட்டவன் யார் என்று கேட்கிறான். கடலின் ஊற்றுக்கண் வரையில் நீ போயிருக்கிறாயா என்று கேட்கிறான். யோபுவின் துன்பத்துக்குக் காரணம் இன்னதென்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. அகந்தையுள்ளவர்களை நோக்கின பார்வையில் தாழ்த்தித் துன்மார்க்கரை அவரவர் நின்ற இடத்திலேயே மிதித்துப்போட உன்னால் கூடுமா, கூடுமானால் உன்னை நானே புகழ்வேன் என்று அவன் கூறும் இடத்தில், நீதி நிலைநாட்டுவது படைத்தவனுக்கும் ஓயாத பெரும்பணி என்னும் குறிப்பு தொனிக்கிறது. அதன்பின் வருவதுதான் தீர்ப்பு. வழக்குத் தொடுத்த யோபு சரியாகப் பேசினான் என்றும், ஆண்டவனுக்காக வாதாடிய நண்பர்களே தவறாகப் பேசினார்கள் என்றும், அவர்களுக்காக யோபு பிரார்த்திக்கவேண்டும் என்றும் ஆண்டவன் தீர்த்தான். யோபுவுக்குச் செல்வம் இரட்டிப்பாகத் திரும்பிற்று. வேறு பிள்ளைகளும் பிறந்தார்கள். ஆனால் இறந்த பிள்ளைகள் எழுந்து வந்ததாக அந்நூலாசிரியர் எழுதவில்லை. அந்த நேர்மைக்காகவே அவரை வணங்கவேண்டும்.

கொற்கையிலிருந்து சென்ற அரசன்

இந்த இடத்தில் நம் சிலப்பதிகாரத்தை நினையாதிருத்தல் இயலாது. கோவலன் கொலையுண்டதற்கு முற்பிறப்பில் அவன் செய்த வினையே காரணம் என்று மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு உரைக்கிறது. ஆனால் எப்போது உரைக்கிறது என்பதைக் கவனிக்கவேண்டும். கண்ணகி சிலம்பை உடைத்து வழக்கில் வென்று, பாண்டியன் தன் பிழையை ஒப்பி உயிர்விட்டு, நகரம் எரியத் தொடங்கிய பின்னரே ஊழின் விளக்கம் வருகிறது. ஊழால் நேர்ந்தது என்று சொல்லி மன்னனைத் தப்பவிட இளங்கோவடிகள் சம்மதிக்கவில்லை. எபிரேயருக்கு முற்பிறப்பு என்னும் கொள்கை இல்லை. ஆதலால் அவர்களுடைய கேள்வி அடைக்கலம் இல்லாத கேள்வியாக நின்றது. நமக்கு அந்தக் கொள்கை இருந்தும், நம் தலைசிறந்த காப்பியம் அதை நீதிமன்றத்தின் வாயிலில் நிறுத்திவைத்தது.

அதே காப்பியத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. பாண்டியன் இறந்தபின் கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் மதுரைக்கு வந்து, கண்ணகியின் சினத்தைத் தணிப்பதற்காக ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என்கிறது நூல். வஞ்சித்தவன் ஒருவன், மாண்டவர் ஆயிரவர். குற்றமற்றவனையும் குற்றவாளியையும் ஒருசேர அழிக்கும் உலகத்தைப் பார்த்து யோபு அலறிய அலறல், அந்த ஆயிரம் வீடுகளின் வாயிலிலும் நியாயமாகவே எழுந்திருக்கும். தெய்வ நீதியின் பெயரால் மனிதன் வாளெடுக்கும்போது எவ்வளவு குருடனாகிறான் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

தாமதமும் கப்பலின் தடமும்

பிரசங்கி என்றும் சபை உரையாளர் என்றும் வழங்கும் நூல் இதே வழக்கை வேறு தொனியில் தொடர்கிறது. அதன் ஆசிரியர் அலறுவதில்லை, உற்றுநோக்கி வருந்துகிறார். ஒடுக்கப்பட்டவர்களின் கண்ணீரைக் கண்டேன், அவர்களைத் தேற்றுவாரில்லை என்பது அவருடைய கருத்து. அவர் கூறியவற்றுள் அரசியலாருக்கு மிகவும் வேண்டிய கருத்து ஒன்றுண்டு. தீச்செயலுக்குரிய தண்டனை விரைவில் நிறைவேறாமையினாலேயே மனிதருடைய உள்ளம் தீமை செய்யத் துணிவு கொள்கிறது என்றார் அவர். தெய்வம் தாமதித்தால் அதன் காரணம் தெய்வத்துக்குத் தெரியும். நியாயாதிபதி தாமதித்தால் அது புதிய துன்மார்க்கரை உண்டாக்கும்.

கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டில் எருசலேமில் சீராக்கின் மகன் எழுதிய நூல், மரணநாள் வரையில் எவனையும் பேறுபெற்றவன் என்று சொல்லாதே என்கிறது. அதன்பின் அலெக்சாந்திரியா நகரத்து யூதர் ஒருவர் கிரேக்க மொழியில் எழுதிய சாலமோனின் ஞானம், கத்தோலிக்கர் வேதாகமத்தில் இடம்பெற்று இந்தக் கரையின் கோவில்களில் வாசிக்கப்படுவது, நீதிமான்களின் ஆன்மாக்கள் ஆண்டவன் கையில் உள்ளன என்று வழக்கை மறுமைக்கு எடுத்துச்செல்கிறது. துன்மார்க்கருடைய செல்வமும் செருக்கும் அலையைக் கிழித்துச் செல்லும் கப்பலின் தடம் தண்ணீரில் நில்லாமைபோல மறைந்துபோகும் என்று அந்நூல் கூறும்போது, நம் முத்துக்கும் மிளகுக்கும் சந்தையாயிருந்த துறைமுக நகரம் ஒன்றிலிருந்து அந்த உவமை பிறந்தது என்பதை நினைத்தல் தகும்.

வீழ்ந்த கப்பித்தானுக்குத் தண்ணீர்

1542இல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் எழுதிய கடிதங்களை ஞானநூல்களின் உரையாக நான் படிப்பதுண்டு. மணப்பாடு முதல் வேம்பாறு வரையில் பரதவர் ஊர்களில் அலைந்த அவர், உள்நாட்டிலிருந்து வந்த வடுகரின் கொள்ளையைக் காட்டிலும், காவலாக வந்த போர்த்துக்கேய அதிகாரிகளின் அக்கிரமத்தைக் கண்டு அதிகமாக வெந்தார். இங்கிருந்த கப்பித்தானைக் குறித்து அவர் எழுதிய சொற்கள் மிகவும் கடுமையானவை. 1544 செப்டம்பரில் அந்தக் கப்பித்தானுடைய கப்பலும் வீடுகளும் எரிக்கப்பட்டு, அவன் தீவுகளுக்குத் தப்பியோடித் தவிக்கிறான் என்னும் செய்தி வந்தது. துன்மார்க்கன் வீழ்ந்தான், தெய்வம் கேட்டுவிட்டது என்று மகிழ்வதற்கு அதைவிடச் சமயம் வேறென்ன? சவேரியாரோ, புன்னைக்காயலில் உள்ள தோணிகளையெல்லாம் தண்ணீரோடு உடனே அவனிடம் அனுப்பும்படி தம் உதவியாளர் மான்சிலாஸுக்கு எழுதினார். பகைவன் விழுந்தால் களிக்காதே, அவன் பசித்தால் உணவும் தாகித்தால் தண்ணீரும் கொடு என்று நீதிமொழிகள் விதித்ததை, நம் தோணிக்காரர்களைக் கொண்டே அவர் நிறைவேற்ற முயன்றார்.

அதனால் அவர் அநீதியைப் பொறுத்துக்கொண்டார் என்று யாரும் எண்ணவேண்டாம். 1545இல் கொச்சியிலிருந்து போர்த்துக்கல் மன்னன் மூன்றாம் ஜானுக்கு எழுதியபோது, வருமானம் குறைந்தால் அதிகாரிகளைத் தண்டிக்கின்ற அரசன், தீமை செய்தவர்களைத் தண்டியாமல் விட்டதேன் என்று இறுதித் தீர்ப்பில் கேட்கப்படும் என்று அஞ்சவேண்டும் என அறிவுறுத்தினார். அதிகாரத்தில் இருப்பவனிடம் நீதி கேட்பதும், வீழ்ந்தவனிடம் இரக்கம் காட்டுவதும் ஒரே ஞானத்தின் இரண்டு கைகள்.

செக்கிழுத்தவரும் ஒரு சித்தாந்தமும்

இனி இந்நகரத்தின் பெரும்புகழுக்கு உரியவரிடம் வருகிறேன். 1872 செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை, 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவியதையும், 1908 பிப்ரவரி இறுதியில் தொடங்கிய கோரல் ஆலை வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் பக்கம் நின்று அவர்களுக்குக் கூலி உயர்வும் வார விடுமுறையும் கிடைக்கச் செய்ததையும் இங்குள்ள குழந்தைகளும் அறிவார்கள். அவ்வாண்டு ஜூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே அவருக்கு இரண்டு ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்ட போதிலும், 1912 டிசம்பர் 24ஆம் நாள் வரையில் அவர் கோயம்புத்தூர்ச் சிறையிலும் கண்ணனூர்ச் சிறையிலும் கிடந்தார், கோவையில் செக்கிழுத்தார். வெளியே வந்தபோது கம்பெனி கலைந்துபோயிருந்தது. வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. வறுமை மட்டும் காத்திருந்தது. யோபுவுக்கு நேர்ந்ததில் குறைந்தது என்ன?

அந்தச் சிறைக்குள் அவர் எடுத்து மொழிபெயர்த்த நூல்களில் ஒன்று, ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கிலேயர் 1903இல் வெளியிட்டது; தமிழில் அதற்கு ‘மனம் போல வாழ்வு’ என்று பெயரிட்டார். ஆலனுடைய நூலின் தலைப்பே நீதிமொழிகளின் 23ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்தது. மனிதனுடைய நிலைமைகள் அவனுடைய நினைப்பின் விளைவு, விதைத்தவன் விதைத்ததையே அறுக்கிறான் என்பது அதன் சாரம். எலிப்பாஸ் யோபுவுக்குச் சொன்ன சித்தாந்தமும் ஏறக்குறைய இதுதானே! குற்றமின்றிச் செக்கிழுக்கும் ஒருவர், துன்பம் உன்னால் வந்தது என்று கூறும் நூலைத் தம் கையால் தமிழாக்குவது எப்படி?

நெடுநாள் சிந்தித்து நான் கண்ட விடையே இந்தச் சொற்பொழிவில் உங்களுக்குச் சொல்ல வந்தது. வினைக்கொள்கையைத் தன்மேல் பொருத்திக்கொண்டால் அது ஒழுக்கம். பிறன்மேல் பொருத்தினால் அது கொடுமை. பிள்ளையவர்கள் அதைத் தம் உள்ளத்தை ஆளும் கருவியாகக் கைக்கொண்டார். அடக்கமும் தெளிவும் பெற்றார். திருக்குறளின் வழியில் ‘மெய்யறம்’ இயற்றினார். ஆனால் கோரல் ஆலைத் தொழிலாளியைப் பார்த்து, உன் வறுமை உன் மனத்தின் விளைவு என்று அவர் சொன்னதில்லை. அவனுக்காக வீதியில் இறங்கினார். பின்னாளில் சன்னது திரும்பக் கிடைக்கச் செய்த வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் நினைவாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். தமக்குத் தீர்ப்பளித்த இனத்தாரில் ஒருவரின் நன்மையை அவர் மறக்கவில்லை என்பது, துன்பம் அவருடைய நீதியுணர்வைத் திரித்துவிடவில்லை என்பதற்கு அத்தாட்சி. 1936 நவம்பர் 18ஆம் நாள் இந்நகரிலேயே அவர் மறைந்தார். இழந்த கப்பல்கள் இரட்டிப்பாகத் திரும்பி வரவில்லை. இன்று இத்துறைமுகத்துக்கு அவர் பெயர் இருக்கிறது என்பதைக் கொண்டு கணக்குத் தீர்ந்துவிட்டது என்று நாம் சமாதானம் அடைவதும் முறையன்று.

நமக்குரிய கடமை

ஞானம் எங்கே கிடைக்கும் என்று யோபு நூலின் 28ஆம் அதிகாரம் கேட்கிறது. ஆழம், அது என்னிடத்தில் இல்லை என்கிறது. கடலும் என்னிடத்தில் இல்லை என்கிறது. முத்துக்களினும் விலையுயர்ந்த அந்த ஞானம், தெய்வத்துக்கு அஞ்சித் தீமையை விட்டு விலகுவதே என்று அந்த அதிகாரம் முடிகிறது. கடலடியைக் கண்ணால் கண்ட குளியாளிகளின் ஊரில் அந்தப் பகுதிக்கு உரை வேண்டுவதில்லை. உலகத்தின் கணக்கு நமக்கு முழுமையாகக் காட்டப்படமாட்டாது. ஆனால் நாம் செய்யவேண்டுவது மட்டும் ஐயமின்றிக் காட்டப்பட்டிருக்கிறது.

கரையில் தோணி திரும்பாத வீட்டில், 2004 டிசம்பர் 26இல் கடல் புகுந்த ஊர்களில், நோயோ விபத்தோ நேர்ந்த குடும்பத்தில், என்ன பாவம் செய்தார்களோ என்று சொல்லும் நாவு எலிப்பாஸின் நாவு. அதைச் சொல்லாதிருக்கப் பழகுவதே சமயக் கல்வியின் முதற்பாடம். அவ்வாறே, செல்வமும் பதவியும் பெற்றவனைக் கண்டவுடன் தெய்வத்தின் ஆசி பெற்றவன் என்று கைகூப்புவதும் அதே பிழையின் மறுபக்கம். வள்ளுவரும் பொறாமை நெஞ்சினன் செழிப்பதையும் செம்மையுடையவன் கெடுவதையும் ஆராயத்தக்கவை என்று நிறுத்தினாரேயன்றி, அவசரத்தில் முடிவு கூறவில்லை.

துன்மார்க்கர் என்றும் நிலைப்பார்கள் என்று நான் சொல்லவரவில்லை. தீமை தன்னைத் தின்னும் என்று நீதிமொழிகள் கூறுவதை நான் முழுமனத்தோடு நம்புகிறேன். ஆனால் அது தின்று முடிக்கும் வரையில் எத்தனை அநாதைகளும் விதவைகளும் அழிவார்கள் என்பதைப் பார்த்துக்கொண்டு சும்மாயிருப்பவன், தெய்வ நீதியை நம்புகிறவன் அல்லன். அதன் பின்னால் ஒளிந்துகொள்பவன். யோபு தன் நல்ல நாட்களை நினைவுகூரும்போது, கொடியவனுடைய தாடையை உடைத்து அவன் பற்களிலிருந்து இரையை மீட்டதையும், அறியாதவனுடைய வழக்கையும் ஆராய்ந்து அறிந்ததையும் சொல்லுகிறான். அவன் ஆண்டவனிடம் நீதி கேட்கும் உரிமை பெற்றது, மனிதருக்கு நீதி செய்திருந்ததனால்.

மாணவ நண்பர்களே, உங்களில் சிலர் நாளை வழக்கறிஞர் ஆவீர்கள். சிலர் அதிகாரிகள் ஆவீர்கள். சிலர் குருக்களும் ஆசிரியரும் ஆவீர்கள். துன்புற்றவன் உங்கள் முன் வந்து நின்று, எனக்கு ஏன் இது நேர்ந்தது என்று கேட்பான். அவன் குரல் உயர்ந்தாலும், அவன் தெய்வத்தையே குறைகூறினாலும், அவனைத் தடுக்காதீர்கள்; அப்படிக் கேட்டவனைத்தான் ஆண்டவன் தன் ஊழியன் என்றழைத்தான். அவனுக்குத் தத்துவம் சொல்லாதீர்கள். அவனுடைய வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள், காலந்தாழ்த்தாமல் நடத்துங்கள். தெய்வ நீதியை விளக்கும் பொறுப்பு நமக்கு இடப்படவில்லை; மனித நீதியைச் செய்யும் பொறுப்பு நமக்கு இடப்பட்டிருக்கிறது.